இசைக்கென வைத்த பொருள்

எதிர்பாராது வந்து சேரும் பெரும்பொருள் மாந்தன் உள்ளத்தை உரைத்துப் பார்க்கும் கல்லாகும். அப்பொருள், 'இஃது இசைக்கு மட்டுமே உரியது. பிறிதொன்றற்குச் செலவிடலாகாது' என்னும் கட்டுடன் வருமாயின், ஓர் ஊரின் உள்ளத்தையே அஃது உரைத்துப் பார்த்துவிடும். நிலம் வாங்க வழியில்லை. வீடு கட்ட வழியில்லை. இசைக்கே செலவிட்டாதல் வேண்டும். அந்நிலையில் இசை என்று நாம் எதனைக் கருதியிருக்கின்றோம் என்பது வெளிப்பட்டே தீரும்.

செங்கழுநீர்ப்பட்டு எனப்பட்ட நம் செங்கற்பட்டுப் பகுதியில் இவ்வினா இன்று எழத்தக்கதே. பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நிலம் விற்றுத் திடுமெனச் செல்வரானோர் பலர். அயல்நாடு சென்று ஈட்டியதில் ஒரு பகுதியைப் பிறந்த ஊர்க்கு விடுப்போரும் உளர். இவருள் ஒருவர், 'இத்தொகை எம் ஊர் இசைக்கு' என்று எழுதி வைப்பாராயின் யாது செய்வோம்?

வழக்கமாக நிகழ்வதை யாவரும் அறிவோம். முதலில் ஒரு குழு. அடுத்து ஓர் அரங்கு. அரங்கின் முகப்பில் கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல். திறப்பு விழாவிற்குப் பெரும்புகழ்ப் பாடகர் ஒருவரைத் தலைநகரினின்று அழைத்து, ஒரு மாலைப் பொழுதிற்கு ஓர் ஓதுவாரின் ஈராண்டுச் சம்பளத்தை ஈவர். பொன்னாடைகள், ஒலிபெருக்கிகள், விருந்து. மூன்றாம் ஆண்டில் அவ்வரங்கு திருமணங்கட்கு வாடகைக்கு விடப்படும். பொருள் இசைக்கே செலவானதாகக் கணக்கேடு கூறும். ஊரிலோ முன்பு பாடத் தெரிந்தவர் ஒருவர் குறைந்திருப்பாரேயன்றி ஒருவரும் கூடியிரார்.

கல்லில் இட்ட பொருள் இசையைக் காவாது என்பதற்குச் சான்று நம் கடற்கரையிலேயே உளது. மாமல்லைக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் குடைவரை என்று ஒன்றுண்டு. அதன் சுவர்களில் காலகாலன் என்னும் பட்டப்பெயர் கொண்ட பல்லவ மன்னனின் இசைத்திறம் வடமொழியில், இருவகை எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. அவன் இசையைத் தேவரும் இசைமுனிவருமன்றி யாவர் அறியவல்லார் என்னும் கருத்துப்படப் புகழ்கின்றது அக்கல்வெட்டு. ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் கழிந்தும் எழுத்துகள் நிற்கின்றன. ஆயின் அவன் பாடியது யாது, மீட்டியது யாது, அவனிடம் கற்றவர் யாவர் என்பவற்றுள் ஒன்றும் நமக்குத் தெரியாது. புகழ் கல்லில் தங்கிற்று. இசை காற்றோடு போயிற்று.

இனி, தஞ்சைக்குச் செல்வோம். 1010-இல் பெரிய கோயிலை முடித்த அருண்மொழித்தேவனாகிய இராசராசன், இசைக்கென ஒதுக்கிய பொருளை யாங்ஙனம் செலவிட்டான் என்பதை அக்கோயிற் கல்வெட்டே கணக்கிட்டுக் கூறுகின்றது. திருப்பதியம் பாட 48 பேர். உடுக்கை வாசிக்க ஒருவர். கொட்டிமத்தளம் முழக்க ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல். அவருள் ஒருவர் இறப்பினும் வேற்றூர் செல்லினும் அவர்தம் அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடுதல் வேண்டும். அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுந்த ஒருவரை அமர்த்துதல் வேண்டும் என்றும் விதித்தான்.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தை எண்ணிப் பார்மின்! பாடுவோன் வயிற்றுக்கு அளக்கும் நெல்லும் இசைச்செலவே என்பதை அவன் உணர்ந்திருந்தான். ஒருவர் மறைந்தால் அடுத்தவர் யார் என்பதையும் முன்னரே எழுதி வைத்தான். 'இசைக்கு மட்டும்' என்னும் கட்டுக்கு இதனினும் சிறந்த உரை வேண்டா. இசைக்குச் செலவிடுதலாவது, இசை வல்லார்க்கும் அதனைக் கற்பார்க்கும் செலவிடுதலே.

அவ்வரசனைப் பற்றித் திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தியும் இதனையே வலியுறுத்தும். தில்லையில் செல்லரித்த ஏடுகள் கிடைத்தன, பாடல்கள் கிடைத்தன, பண்ணோ கிடைத்திலது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டே பண்ணடைவு பெற்றனர் என்பது அந்நூற் கூற்று. பேரரசன் கருவூலமெல்லாம் திறந்திருந்தும், இசை ஒரு பெண்ணின் தொண்டையிலன்றோ இருந்தது!

அண்மைக் காலத்திற்கு வருவோம். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சிக்கு வாரி வழங்கினார். 1912 முதல் தம் செலவிலேயே இசை மாநாடுகள் கூட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலைத் தம் அச்சகத்திலேயே அச்சிட்டார். அரசர் அண்ணாமலையார் தம் செல்வத்தைத் தமிழிசைக்குத் திருப்பியதும் அத்தகையதே. இந்நாட்டில் அன்று இசைக்குப் பொருள் இல்லாமலில்லை. தமிழ்ப் பாட்டிற்குத்தான் இல்லை. தமிழர் பொருளில், தமிழர் அரங்கில், தமிழர் செவிக்குப் புரியாத பாடல்களே மேலோங்க, தமிழ்ப்பாட்டு துக்கடா என்னும் பெயரில் இறுதியில் எச்சமாக இடம்பெற்றது. அந்நிலையை மாற்ற 1941-இல் அண்ணாமலைநகரில் மாநாடு கூடிற்று. 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களை இசைக்குறியீட்டோடு நூல்களாக வெளியிட்டது. கற்பிப்பார் கையில் கருவி கொடுத்த செலவு அது.

வெளிநாட்டிலும் இதற்கொப்பதுண்டு. அமெரிக்கத் துணி வணிகர் சூலியார்டு 1919-இல் மறைந்தபோது, தம் பெருஞ்செல்வத்தை இசை வளர்ச்சிக்கென்றே இறுதிமுறியில் எழுதி வைத்தார். அப்பொருளால் 1924-இல் நியூயார்க்கில் உயர்நிலை இசைப்பள்ளி ஒன்று அமைந்தது. இன்று உலகெங்கும் அவர் பெயரை அறிந்தோர், அவர் விற்ற துணியால் அறிந்திலர். அப்பள்ளியில் பயின்றோரால் அறிந்தனர்.

நம் பகுதியில் காக்கத்தக்க இசை யாது என்று வினவுவார்க்கு விடை கூறுவேன். சம்பந்தர் பாடிய அச்சிறுபாக்கம், திருவடிசூலம் என வழங்கும் இடைச்சுரம், திருக்கழுக்குன்றம் ஆகிய மூன்றும் நம் மாவட்டத்தன. மூன்று பதிகத்திற்கும் பண் குறிஞ்சியே. அதனை ஓதுவார்கள் இன்று அரிகாம்போதியில் பாடுவர். பள்ளியில் பல்லாண்டாகத் தமிழ் கற்பிக்கும் யான் கண்ட அளவில், இப்பாடல்களை ஒப்பிக்கும் மாணவர் உளர். பண்ணோடு பாடும் மாணவர் மிக அரியர். திருவிடந்தையும் கடல்மல்லையும் திருமங்கையாழ்வார் பாடிய பதிகள்.

கோயிலுக்குப் புறத்தேயும் இசையுண்டு. மாசிமக முழுநிலவில் மாமல்லைக் கடற்கரையில் பல ஊர் இருளர் கூடிக் கன்னியம்மனை வழிபடுவர்; அவர்தம் பாட்டும் ஆட்டமும் நூலேறாதவை. வலையிழுக்கும் பரதவர் பாடும் அம்பாப்பாட்டு, பொறிப்படகு வந்தபின் வேலையிழந்து மூத்தோர் நினைவில் மட்டும் ஒதுங்கி வருகின்றது. பம்பையும் உடுக்கையும் கூத்துப்பாட்டும் வல்ல முதியோர் கூலிவேலைக்குச் செல்கின்றனர். இவர்களுள் ஒருவர் கண்மூடுங்கால் ஒரு நூலகம் எரிகின்றது. எரிந்ததை எவரும் அறிவதுமில்லை.

எனவே, இவ்வாறு செய்க என்பேன். முதலைத் தொடற்க. ஒரு கோடி உருபா வந்ததெனக் கொள்வோம். அதனை வைப்பில் இட, நூற்றுக்கு 6 வட்டியெனின் ஆண்டுக்கு 6 நூறாயிரம். திங்களுக்கு 50,000 உருபா. பண் கற்பிக்கும் ஓதுவார் ஒருவர், பம்பை உடுக்கையும் கூத்துப்பாட்டும் கற்பிக்கும் மூத்தவர் ஒருவர் ஆகிய இருவர்க்கும் தலைக்கு 15,000. கற்கும் ஏழைப் பிள்ளைகள் பதின்மர்க்கு ஆளுக்கு 1,000. கருவி பழுதுபார்க்கவும், முதியோர் பாட்டை அவர்தம் இசைவோடும் அவர்க்குரிய ஊதியத்தோடும் ஒலிப்பதிவு செய்யவும் 5,000. எஞ்சும் 5,000-ஐ முதலொடு சேர்த்தால், விலையேற்றம் தின்னும் பகுதியில் ஓரளவேனும் ஈடாகும். ஆசிரியர் ஒவ்வொருவரும் தமக்குப்பின் கற்பிக்கவல்ல ஒருவரையேனும் உருவாக்குதல் வேண்டுமென்று ஆவணத்திலேயே எழுதுக. இராசராசன் எழுதியது அதுவே.

'அரங்கின்றி எங்குப் பாடுவது?' எனச் சிலர் வினவலாம். கோயில் முன்றில் இருக்கின்றது. பள்ளிக்கூடம் மாலையில் வெறிதே கிடக்கின்றது. மணற்கரை ஒருவர்க்கும் வாடகை கேட்பதில்லை. இடமில்லாமல் எப்பாட்டும் அழிந்ததில்லை, பாடுவாரில்லாமலே அழிந்தது. 'தமிழ்ப் பாட்டிற்கு மட்டுமா?' என்பார் சிலர். பிறமொழிப் பாட்டின்மேல் நமக்குப் பகையில்லை; அதனைப் புரக்கப் பெருநகரில் மன்றங்கள் பல உள. இருளர் பாட்டையும் குறிஞ்சிப் பண்ணையும் புரக்க நம்மையன்றி யாருளர்?

தமிழன்பர்களே! பொருள் வரும் நாளுக்குக் காத்திருத்தல் வேண்டா. இத்திங்களிலேயே உங்கள் ஊரில் அறுபது அகவை கடந்து, பாடவோ கொட்டவோ ஊதவோ வல்லார் யாவர், அவரிடம் எத்துணைப் பாடல்கள் உள, கற்க விரும்பும் பிள்ளைகள் எவர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். கொடையாளர் கைதிறக்கும் பொழுதில் அப்பட்டியல் அணியமாக இருப்பின், பணம் கல்லுக்குப் போகாது. அவர்கள் வீட்டுக்குப் போகும்.