மூணு சுழி ண, முப்பது தடவை இம்போசிஷன்

எழுத்துப்பிழைக்கு நம்ம ஊர் பள்ளிக்கூடங்களில் கைவசம் இருப்பது ஒரே மருந்துதான். இம்போசிஷன். 'நண்டு'வை 'நன்டு'ன்னு எழுதிட்டானா? முப்பது தடவை எழுதிட்டு வா!

மூணாங்கிளாஸ் பையன் அதை எப்படி எழுதுவான்னு எல்லாருக்கும் தெரியும். முதலில் மேலிருந்து கீழாக முப்பது 'ந'. அப்புறம் முப்பது 'ண்'. கடைசியில் முப்பது 'டு'. நீங்களும் இப்படித்தானே எழுதினீங்க? பொய் சொல்லாதீங்க :-) ஆக, 'நண்டு'ங்கிற சொல்லை அவன் ஒரு தடவைகூட எழுதவில்லை. தண்டனை முடிந்தது, பிழை அப்படியே இருக்கிறது.

கொடுமை என்னன்னா, இந்தப் பிழைக்கு எழுத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது. ண டண்ணகரம், ந தந்நகரம், ன றன்னகரம். ட-வுக்கு முன்னால் ண் (வண்டி, நண்டு). த-வுக்கு முன்னால் ந் (பந்து, சந்தை). ற-வுக்கு முன்னால் ன் (கன்று, தென்றல்). அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் வகுப்பில் சொல்லித் தருவது 'மூணு சுழி, ரெண்டு சுழி'. சுழியை எண்ணுவது ஓவிய வகுப்புக்குச் சரி. எங்கே எது வரும் என்று அது சொல்லாதே!

அடுத்து ழ. 'பளம்' என்று எழுதும் குழந்தையிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. வீட்டில், தெருவில் காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறது. மலை-மழை, பல்லி-பள்ளி என்று சொல்ல வைத்து, கேட்க வைத்துத்தான் இதைத் தீர்க்க முடியும். கை வலிக்க வைத்து அல்ல.

கையெழுத்து முக்கியமில்லையா? முக்கியம்தான். கை தடுமாறாமல் ஓடினால்தான் மனசு விஷயத்தை யோசிக்கும். அதற்குத் தெளிவும் வேகமும் போதும். நாமோ இரட்டைக் கோடு நோட்டில் முத்து முத்தாக எழுத வைத்து, கட்டுரையைக் கரும்பலகையில் போட்டு, பார்த்து எழுதச் சொல்கிறோம். நாற்பது பிள்ளைகள், நாற்பது நோட்டு, ஒரே பசு, ஒரே நாலு கால்! அஞ்சு வருஷம் எழுதியும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதாத பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

தமிழக அரசு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் எழுதுவது என்றாலே தண்டனை என்று பிள்ளை மனசில் பதிந்துவிட்டால் எந்தத் திட்டம் என்ன செய்யும்?

ஒரே ஆசிரியர் ரெண்டு மூணு வகுப்பைக் கட்டி மேய்க்கும் பள்ளிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தினம் மூணே வரி, பிள்ளை சொந்தமாக எழுதட்டும். அதில் ஒரே ஒரு பிழையை எடுத்து, ஏன் தப்பு என்று சொல்லுங்கள். முப்பது வரி இம்போசிஷனைத் திருத்துவதைவிட இது சுலபம்.

நம்பிக்கை இல்லையென்றால் அடுத்த இம்போசிஷன் நோட்டை வாங்கி, மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். ந, ந, ந, ந... இதைத்தான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.