ஒரே அளவு, ஒரே ரவை அல்ல

அமெரிக்கக் கடைகளில் விற்கப்படும் .223 ரெமிங்டன் ரவையும் நேட்டோ இராணுவங்களின் 5.56 மி.மீ. ரவையும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் பாவிப்பது ஒருவழிப் பாதை. 5.56 துப்பாக்கியில், ரவை அமரும் அறைக்கும் குழலின் உள்வரிகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள வெளி சற்று நீளம், அதில்.223 ரவையைப் பொதுவாக ஆபத்தின்றிச் சுடலாம். வெளி குறைந்த .223 துப்பாக்கியில் 5.56 ரவையை இட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். அமெரிக்க உற்பத்தியாளர்களின் தர நிர்ணய நிறுவனம் இதைப் பாதுகாப்பற்ற சேர்க்கை என்றே பட்டியலிட்டுள்ளது.

எண்ணை மட்டும் நம்ப முடியாதென்பது எம்மவர் பலருக்குப் புதிதல்ல. 1987 இல் இந்தியப் படை கொண்டுவந்த எஸ்.எல்.ஆரும் 7.62, ஏ.கே.47 உம் 7.62. முன்னதன் கோது 51 மி.மீ., பின்னதன் கோது 39 மி.மீ. மாற்றிப் போடவே முடியாது.

வணிக ரவை, இராணுவ ரவை என்ற பிரிப்புக்குத் துப்பாக்கியின் அறைக்குள் பொருள் உண்டு. விற்பனையில் அதைக் காண்பது கடினம். மிசூரி மாநிலத்தின் லேக் சிற்றி ரவைத் தொழிற்சாலை அமெரிக்க இராணுவத்துக்குச் சொந்தமானது. அங்கு தயாராகும் ரவைகள் பொதுச் சந்தைக்கும் போகின்றன. பொதுமக்கள் கூட்டாகக் கொல்லப்பட்ட பல துப்பாக்கிச்சூடுகளில் அவை பாவிக்கப்பட்டதை 2023 இல் நியூயோர்க் ரைம்ஸ் வெளிக்கொணர்ந்தது.