அடுக்களையில் விளக்குப் போடாமல்



கோபிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். பகல் முழுக்க ஒரு டம்ளர் மோரோடு ஓட்டிவிடுவாராம். வீடு உறங்கியதும் அடுக்களையில் விளக்குக்கூடப் போடாமல், மிச்சச் சோறு, பேக்கரித் தேங்காய் பன், பிள்ளைக்கு வைத்த முறுக்கு என்று வயிறு வலிக்கும்வரை தின்பாராம். நிறுத்த நினைத்தாலும் கை நிற்பதில்லை. விடிந்தால் வெட்கம், அதற்குத் தண்டனையாக மறுபடி பட்டினி. "நாக்கைக் கட்டத் தெரியாத பிறவி நான்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள், தங்கச்சி.

இது பிறவிக் குறை இல்லை, நோய். இப்படி நிறுத்த முடியாமல் அளவு மீறித் தின்பதைப் பற்றி அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-லேயே எழுதிவைத்தார். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாகவே இடம்பெற்றது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும்.

மூளையில் சுரக்கும் டோபமைனை இன்பம் தரும் பொருள் என்றே பலரும் சொல்கிறோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளிடம் வேறொன்றைக் கண்டார். டோபமைனை ஏறக்குறைய முழுதும் இழந்த எலிகளும், நாக்கில் இனிப்புப் பட்டதும் ரசித்தன. தேடிப் போய்த் தின்னும் நாட்டம்தான் இல்லை. ருசிப்பது வேறு, ஏங்குவது வேறு. "நாலாவது பன் ருசிக்கவே இல்லை, ஆனாலும் தின்றேன்" என்று எழுதினீர்களே, அதை நான் அப்படியே நம்புகிறேன்.

பட்டினிதான் எனக்குப் பெரிய கவலை. 1944-45-இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரை வயிற்றோடு இருந்தார்கள். பிறகு தாராளமாகச் சாப்பாடு கிடைத்தபோது, வயிறு முட்டியும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. நம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், அடுத்த முறை எப்போதோ என்ற பயத்தில் வரப்பு வழியும்வரை தண்ணீர் கட்டுகிறோம் அல்லவா? பட்டினி கிடந்த உடம்பும் அதே பயத்தில்தான் இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலையில் சட்டி காலியாக இருந்தால், "ராத்திரி எல்லாத்தையும் யாரு தின்னுபோட்டது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் இருட்டில் தின்கிறார். பகலில் பக்கத்தில் உட்காரவைத்து, கூடச் சாப்பிடுங்கள்.

பழக்கத்தைப் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது. வேளா வேளைக்குச் சாப்பிடுவதுதான் அதில் முதல் படி. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 2022 முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

தங்கச்சி, நாளைக் காலையில் பசிக்கிறதோ இல்லையோ, ஒரு வட்டல் இட்லி போட்டுக்கொண்டு உட்காருங்கள். சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், கையெழுத்து எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்