2015-ல வெள்ளம், 2016-ல வறட்சி... வடகிழக்குப் பருவமழை ஏன் வருஷா வருஷம் இப்படி மாறுது?

2015 டிசம்பர் 1 காலையில் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அடுத்த வருஷம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மொத்தத் தமிழ்நாட்டுக்கும் சராசரியா கிடைச்சதே சுமார் 17 செ.மீ.தான். வழக்கமா 44 செ.மீ. பெய்யணும். வர்தா புயல் வந்தும் 62% பற்றாக்குறை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

என்னதான் நடக்குது?

அக்டோபரில் காற்று திசை மாறி, வடகிழக்கில் இருந்து வங்கக்கடல் ஈரப்பதத்தை அள்ளிட்டு வரும். ஆனா அது மட்டும் போதாது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள் நம்ம கரைக்கு வரணும். மூணு மாச மழைக் கணக்கை அந்தச் சில நாட்களே மாத்திடும்.

எல் நினோன்னாலே 'மழை போச்சு'ன்னு ஒரு பயம் இருக்கு. தென்மேற்குப் பருவமழைக்கு அது ஓரளவு சரி. வடகிழக்குக்கு அப்படியே உல்டா. பசிபிக் சூடான வருஷங்களில் தமிழ்நாட்டுக்கு கூடுதல் மழை வாய்ப்பு அதிகம். 2015-ல் வலுவான எல் நினோ, 2016-ல் பலவீனமான லா நினா. கணக்கு சரியா வருதேன்னு அவசரப்படாதீங்க. 2021-ம் லா நினா வருஷம்தான், மழை கொட்டித் தீர்த்துச்சு!

இன்னொரு ஆள் மேடன்-ஜூலியன் அலைவு. பூமத்திய ரேகையை ஒட்டி 30 முதல் 60 நாளில் கிழக்கு நோக்கி நகரும் மேகக் கூட்டம். இந்தியப் பெருங்கடல் மேல் இருந்தா தாழ்வுப் பகுதி உருவாக வாய்ப்பு கூடும். பசிபிக் பக்கம் போயிட்டா நமக்கு வெயில்தான். சீசனுக்கு முன்னாடியே இதைத் துல்லியமா கணிக்க முடியாது. டெல்டாவில் சம்பா விதைக்கிறவங்க அதுவரை காத்திருக்கவும் முடியாது.