ஸ்கேனர் சொல்வது புகார், தீர்ப்பு அல்ல

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைச் சொருக வேண்டும், அது காட்டுகிற பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். கார் வைத்திருப்பவர்களில் பலரும் வண்டி பார்ப்பவர்களில் கணிசமானோரும் இப்படித்தான் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. அதற்கான விலையை ஒவ்வொரு முறையும் கொடுப்பவர் வண்டிக்காரர்தான்.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 முறை, புகை மாசைக் கூட்டும் கோளாறுகளைக் கண்டு எச்சரிப்பதற்காக வந்தது. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வது அதன் வேலை அல்ல. ஈசியு என்ற எஞ்சின் கணினி பார்ப்பது சென்சார்கள் தரும் மின் சைகைகளை மட்டும்தான். அவை எதிர்பார்த்தபடி இல்லாவிட்டால் ஒரு கோடு, அதாவது பிழைக் குறியீடு, பதிவாகும்.

கூலன்ட் வெப்பநிலை சென்சாரையே எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறைகிற தெர்மிஸ்டர். பரவலாக இருக்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு, 100 டிகிரியில் 200-க்கும் கீழே. ஈசியு தன்னுள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, திரும்பத் தெரியும் அழுத்தத்தை வைத்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. அழுத்தம் 5 வோல்ட்டை ஒட்டியே நின்றால் பி0118, பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால் பி0117. சென்சார் செத்தாலும் பி0118 வரும், எலி ஒயரைக் கடித்தாலும் வரும், கனெக்டர் பின்னில் பச்சை பூத்தாலும் வரும். இவற்றில் எது என்று கோடைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சொல்லக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பி0118 வந்த வண்டியில் இக்னிஷனைப் போட்டு, இரண்டு பின் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்கேனரில் நேரடி வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் மைனஸ் 40 டிகிரி காட்டும். ஒயரிங் படத்தில் உறுதி செய்துகொண்டு, கனெக்டரின் அந்த இரண்டு பின்களையும் சிறு ஒயரால் இணைத்தால் எண் 120-ஐத் தாண்டிக் குதிக்க வேண்டும். குதித்தால் ஒயரும் ஈசியுவும் சரி. சந்தேகம் சென்சார் மீதும் அதன் பின் பிடிப்பு மீதும்தான். மைனஸ் 40-லேயே நின்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஈசியுவிலேயே கோளாறு. அந்த வண்டியில் எத்தனை புது சென்சார் மாட்டினாலும் பயன் இல்லை. இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்.

சிக்கலான பாகங்களில் அளக்காமல் மாற்றும் இந்த அவசரம் இன்னும் கெடுதல். 2004 முதல் 2009 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா ப்ரியஸில், சூடான கூலன்ட்டைச் சேமித்து வைத்து அடுத்த ஸ்டார்ட்டில் எஞ்சினுக்குத் தரும் ஃப்ளாஸ்க் போன்ற தொட்டி இருந்தது. கூலன்ட் எங்கே போக வேண்டும் என்பதை மோட்டாரால் சுழலும் வால்வு ஒன்று தீர்மானிக்கும். வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதனுள் இருக்கும் சென்சார் ஈசியுவுக்குச் சொல்லும். இதில் பி1121 என்ற கோடு வருவது அந்த மாடலில் பரவலாகத் தெரிந்த தொல்லை. வால்வு இறுகியிருக்கலாம், சென்சார் பழுதாகியிருக்கலாம், ஒயரோ கனெக்டரோ கெட்டிருக்கலாம். அளந்து பார்க்காமல் வால்வை மாற்றினால் கூலன்ட்டை வடிக்க வேண்டும், திரும்ப நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். உள்ளே காற்று தங்கினால் ஹீட்டர் வேலை செய்யாது, எஞ்சின் சூடேறும். எஞ்சின் ஆறிய பிறகும் அந்தத் தொட்டியில் இருப்பது சூடான கூலன்ட். தெரியாமல் குழாயைக் கழற்றுபவரின் கை வெந்துவிடும். கெட்டது ஒரு கனெக்டர் பின் மட்டுமே என்றால் இத்தனை ஆபத்தும் வீண்தான்.

பி0128 கதையும் இதுதான். எஞ்சின் எதிர்பார்த்த நேரத்துக்குள் சூடாகவில்லை என்பதுதான் அதன் பொருள். பெரும்பாலும் காரணம் திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட் அல்லது குறைந்துபோன கூலன்ட். ஆனால் பல இடங்களில் முதலில் மாற்றப்படுவது சென்சார்.

“மாற்றினோம், விளக்கு அணைந்துவிட்டதே” என்பார்கள். இதை நிரூபணமாக ஏற்க முடியாது. கனெக்டரைக் கழற்றி மாட்டும்போதே பின் உரசிச் சற்றுச் சுத்தமாகிறது. கோடை அழித்தால் விளக்கும் அணைகிறது. பல வண்டிகளில் பி0128 போன்ற கோடு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கோளாறு தெரிந்தால்தான் திரும்ப விளக்கை எரியவிடும். மழையிலும் அதிர்விலும் அந்தப் பின்னின் தொடர்பு மறுபடி விட்டுப்போகும்போது வண்டி திரும்ப ஒர்க்‌ஷாப்புக்கு வரும், இன்னொரு பில்லும் வரும்.

நேரமில்லை என்ற வாதமும் நிற்காது. சென்சார் வாங்க ஆள் அனுப்பும் நேரத்தில் மல்டிமீட்டரால் இரண்டு முறை அளந்துவிடலாம். இதைச் செய்கிற நல்ல மெக்கானிக்குகள் எங்கும் இருக்கிறார்கள். அளக்கும் நேரத்துக்குக் கூலி தர வாடிக்கையாளர் தயங்குவதும், பாகத்துக்கு மட்டும் மறுபேச்சின்றிப் பணம் கொடுப்பதும் அந்த மெக்கானிக்குகளைத்தான் தண்டிக்கிறது.

அடுத்த முறை ஸ்கேனர் ஒரு கோடைக் காட்டினால், பாகத்தை மாற்றச் சம்மதிக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: எத்தனை வோல்ட், எத்தனை ஓம் வந்தது? அந்த அளவை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்து பார்த்ததற்கான கூலியைத் தயங்காமல் கொடுங்கள்.