புற்றுநோய் செல் சாக ஏன் இரண்டு மருந்து?

‘புற்றுநோய் செல்லைத் தற்கொலை செய்ய வைக்கும் மாத்திரை’ என்ற மாதிரித் தலைப்புகள் மொபைலில் அடிக்கடி வரும். பொய்யில்லை. ஆனா, பாதிக் கதைதான்.

பழுதான செல் தானாகவே செத்துப்போவது உடம்பின் ஏற்பாடு. சி.எல்.எல். எனப்படும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் செல்கள் சாக மறுக்கின்றன. காரணம், பி.சி.எல்-2 என்ற புரதம். இது செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் காக்கிறது என்று 1988-ல் காட்டியவர்கள் மெல்பர்ன் விஞ்ஞானிகள்.

அதை அடக்கும் மருந்துக்கு 28 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. முன்னால் வந்த நேவிடோகிளாக்ஸ், பி.சி.எல்-2-வோடு அதன் பங்காளியான பி.சி.எல்-எக்ஸ்.எல். புரதத்தையும் சேர்த்து அடித்தது. தட்டணுக்கள் உயிரோடு இருக்க அந்தப் பங்காளிதான் வேணும். விளைவு, தட்டணுக்கள் சரிந்தன. பங்காளியை விட்டுவிடும்படி வடிவமைத்ததுதான் வெனெடோகிளாக்ஸ்; 2016-ல் அமெரிக்கா அனுமதித்தது. செல்கள் மொத்தமாகச் செத்தால் அந்தக் கழிவே கிட்னியைக் கெடுக்கும். அதனால் 20 மி.கி.யில் ஆரம்பித்து, 5 வாரத்தில் 400 மி.கி. வரை ஏற்றுகிறார்கள்.

சரி, துணைக்கு இன்னொரு மருந்து எதற்கு? நிணநீர்க் கணுக்களில் பதுங்கும் செல்லுக்கு அங்கே வேறு காவல் புரதங்களும் கிடைக்கும். இப்ருடினிப் மாத்திரை அதை ரத்தத்துக்கு விரட்டும். வெளியே வந்த செல்லுக்கு பி.சி.எல்-2-தான் பெரிய துணை. அதை வெனெடோகிளாக்ஸ் பறித்துக்கொள்கிறது.

என்னைக் கேட்டால், இதில் பெரிய விஷயம் செல் சாவதுகூட இல்லை, மருந்தை நிறுத்த முடிவதுதான். இப்ருடினிப் மட்டும் என்றால், கேட்கும்வரை விழுங்கிக்கொண்டே இருக்கணும். இரண்டையும் சேர்த்தால் 15 மாதச் சுழற்சிகளில் முடிகிறது: முதல் 3 இப்ருடினிப் மட்டும், அடுத்த 12 இரண்டும். ஐரோப்பா 2022-ல் இதை அனுமதித்தது. கைக்காசு போட்டு மருந்து வாங்கும் வீட்டுக்கு, ‘எப்போ முடியும்?’ என்பதற்கு ஒரு தேதி கிடைப்பது சின்ன விஷயமா?

அதுக்காக ரெண்டு மருந்து சேர்ந்தா ரெட்டிப்பு லாபம் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. இப்ருடினிப் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கலாம். வயதானவர்களுக்கு யோசித்துத்தான் தரணும். மைலோமா என்ற இன்னொரு புற்றுநோயில், வழக்கமான மருந்துகளோடு வெனெடோகிளாக்ஸையும் சேர்த்துப் பார்த்த சோதனையில் மரணங்கள் கூடின. நோய் கட்டுக்குள் இருந்த காலம் நீண்டும்கூட! 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விட்டது. அந்தச் செய்தியை யாரும் ஃபார்வேர்ட் பண்ணி நான் பார்க்கவில்லை.