தைலமரம் சொல்லும் பாடம். சந்தனம் நடுவோர் கவனிக்க!

கோலார் தங்கவயல்: தங்கச் சுரங்கங்கள் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. அதே ஆண்டு மண்டியா மாவட்டத்தில் தைலமரங்களின் இலைகளில் முடிச்சு முடிச்சாகப் புடைப்புகள் தோன்றின. சுரங்கம் மூடிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. மரத்தில் முடிச்சு விழுந்த செய்தி வன இலாகாவின் கோப்புகளோடு நின்றது. ஆனால், இந்த வட்டாரத்தில் மரம் நட்டுப் பிழைக்க நினைப்பவர்கள் அந்த இரண்டாவது செய்தியைத்தான் இன்று படிக்க வேண்டும்.

ராகி போய் மரம் வந்தது

கோலார் மாவட்டம் வறட்சிக்குப் பேர் போனது. ராகி விளைந்த மேட்டு நிலங்களில் 1980-களில் தைலமரம் புகுந்தது. ஒரு முறை நட்டால் போதும். களை எடுக்க ஆள் தேவையில்லை, மாடு கடிக்காது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர் வந்து அடுத்த வெட்டுக்குத் தயாராகும். காகித ஆலைக்கும் கட்டடச் சாரத்துக்கும் விறகுக்கும் கிராக்கி இருந்தது. ஆகவே மைல் கணக்கில் ஒரே மரம் நின்றது. அதுவே பூச்சிக்கு விருந்தாயிற்று.

எள்ளளவு குளவி

முடிச்சுக்குக் காரணம் ஒரு சிறு குளவி. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. தைலமரத்தைப் போலவே இதுவும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. நாற்றங்காலில் உள்ள கன்றின் இலைக் காம்பிலும், நடு நரம்பிலும், இளந்தண்டிலும் முட்டையிடும். முட்டையைச் சுற்றி மரம் புடைத்துக் கொள்ளும். உள்ளே புழு வளரும். இலை சுருண்டு, தண்டு வளைந்து, கன்று குட்டையாக நின்றுவிடும். ஆண் துணை இல்லாமலே பெண் குளவி இனம் பெருக்கும் என்பதால் ஒன்று தப்பினாலும் போதும், நூறாகும்.

முதிர்ந்த மரம் இதைத் தாங்கிக் கொள்ளும். அடி விழுவது கன்றுக்கும், வெட்டிய கட்டையில் வரும் துளிருக்கும்தான். அதாவது, இந்த வெட்டில் லாபம் பார்த்த விவசாயிக்கு அடுத்த வெட்டில் நஷ்டம். புழு முடிச்சுக்குள் பத்திரமாக இருப்பதால் மருந்து தெளித்தும் பெரிய பயனில்லை. முடிவில் இந்தக் குளவியைத் தின்று அழிக்கும் வேறொரு குளவியை இஸ்ரேலிலிருந்து வரவழைத்து, பெங்களூர் பூச்சியியல் நிபுணர்கள் தோட்டங்களில் விட்டார்கள். உள்ளூரிலேயே இருந்த எதிரிப் பூச்சிகளும் கைகொடுத்தன. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற புகாரின் பேரில் தைலமரம் நடுவதற்கே 2017-ல் கர்நாடக அரசு தடை போட்டது வேறு கதை.

இப்போது சந்தனம்

திப்பு சுல்தான் 1792-ல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்த நாளிலிருந்து அது சர்க்கார் சொத்தாகவே இருந்தது. கர்நாடகத்தில் 2001-லும் தமிழ்நாட்டில் 2002-லும் சட்டம் திருத்தப்பட்டது. பட்டா நிலத்துச் சந்தனம் நிலக்காரருக்கே சொந்தம் என்றாயிற்று. அதன் பிறகு "ஏக்கருக்குக் கோடி" என்ற பேச்சு கிளம்பியது. ஓய்வுப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் குமாஸ்தாவையும் தொழிலாளியையும் தேடி இந்தப் பேச்சு வருகிறது. பேசுகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்வதில்லை: சந்தனத்துக்கு நூறாண்டுக்கு மேலாக ஒரு தீராத நோய் இருக்கிறது.

1899-ல் குடகில் இது கண்டறியப்பட்டது. 'ஸ்பைக்' நோய் என்று பெயர். இலைகள் சிறுத்து, நெருங்கி, ஈட்டி முனை போல் விறைத்து நிற்கும். பூவும் காயும் நின்று போகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்து, 1969-ல்தான், எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் காரணம் தெரிந்தது: சாறு உறிஞ்சும் பூச்சிகள் சுமந்து செல்லும் ஒரு நுண்ணுயிர். டெட்ராசைக்ளின் மருந்தை மரத்தில் செலுத்தினால் சில மாதம் தலை நிமிரும், மீண்டும் படுத்துவிடும். நோய் கண்ட மரத்தை உடனே அகற்றுவதே வழி. காட்டில் பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்ற தடை அதற்கும் குறுக்கே நிற்கிறது என்று நிபுணர்கள் குறைப்படுகிறார்கள்.

இலங்கையில் நடந்தது

ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பது தமிழ்த் தொழிலாளிக்குப் புதிதல்ல. 1869-ல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் புகுந்தது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி ஒழிந்து தேயிலை வந்தது. இடையில் துரைமார் திவாலானார்கள். வேலை இழந்த கூலிகள் கடல் தாண்டித் திரும்பினார்கள். திவாலானவர்களின் கதை புத்தகத்தில் இருக்கிறது. திரும்பியவர்களின் பட்டினிக்குக் கணக்கில்லை.

செய்யத்தக்கது என்ன?

சந்தனம் நடுவது தவறல்ல. அது பிற செடிகளின் வேரிலிருந்து உணவு எடுக்கும் மரம், தனியாக வளராது. துவரை, சவுக்கு, புங்கம் என்று கலந்து நட்டால் சந்தனம் போனாலும் நிலம் வெறுமையாகாது. கன்று வாங்குமுன் இலையைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் பெங்களூர் மல்லேஸ்வரத்திலுள்ள மர விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். வைரம் பாய ஆண்டுகள் பல ஆகும். வெட்டவும் கொண்டு செல்லவும் வன இலாகா அனுமதி வேண்டும். 58 வயதில் நடுகிறவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசுக்கும் கடமை உண்டு. மரத்தின் சொந்தத்தை மக்களுக்குக் கொடுத்தது போதாது. நோயற்ற கன்றுக்கு உத்தரவாதமும், தாலுகாதோறும் நோய் பார்க்கும் ஆளும் கொடுக்க வேண்டும். தங்கம் போனபோது தங்கவயல் தொழிலாளிக்கு ரயில் மிஞ்சியது. பெங்களூர் போய்ப் பிழைத்தான். சேமிப்பும் போனால் பிறகு ஏற ரயில் இல்லை.